தூணாக நின்ற மரமும் சென்ட்ரிங்கில் கழிந்த மரமும்

கனடாவின் மேற்கு விளிம்பில் இருக்கிறது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். 2000களின் பின்பாதியில் அங்குள்ள மர அறுவை ஆலைகளில் ஒரே பைன் தடியிலிருந்து இரண்டு நிறச் சட்டங்கள் விழுந்தன. தடியின் நடுப்பகுதி வழக்கமான வெளிர்மஞ்சள். பட்டையை ஒட்டிய வளையமோ நீலம் பாரித்துக் கிடந்தது. அரிசி மணி அளவே உள்ள மலைப் பைன் வண்டு மரத்தைத் துளைக்கும்போது கூடவே கொண்டுவந்த பூஞ்சையின் கைவரிசை அது. அந்த வண்டு சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டில் பரவி, மாகாணத்தில் விற்பனைக்கு உதவும் லாட்ஜ்போல் பைனில் ஏறத்தாழப் பாதியைக் கொன்றது. நீலம் பாய்ந்த சட்டத்துக்கு வலிமையில் குறைவில்லை. ‘டெனிம் பைன்’ என்று நாகரிகமாகப் பெயர் சூட்டியும் விற்றுப் பார்த்தார்கள். ஜப்பானிய வியாபாரிகள் பெரும்பாலும் மசியவில்லை. அவர்கள் கேட்டது ‘ஜே கிரேடு’: கறை கூடாது, விளிம்பில் குறை கூடாது, முடிச்சுகூட அளவோடுதான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டதைப் பொறுக்கி டோக்கியோவுக்கு ஒதுக்கிவைத்த ஆலைகள், மிஞ்சியதில் மட்டமானதை ஷாங்காய் பக்கம் கப்பலேற்றின.

இந்தப் பொறுக்குதலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இரு நாடுகளின் இறக்குமதிக் கணக்கைப் படிக்க வேண்டும். பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர், ஹெம்லாக் போன்ற ஊசியிலை மரங்களை அறுத்து வரும் மென்மரத்தை ஜப்பான் 1990களின் நடுவில் ஆண்டுக்கு ஒரு கோடி கன மீட்டரை ஒட்டி வாங்கியது. அதன் பிறகு படிப்படியாகச் சரிந்து, 2023இல் சுமார் 35 லட்சத்துக்கு வந்துவிட்டது. சீனாவின் கோடு தலைகீழ். 2000இல் அது வாங்கியது சொற்பம். 2010இல் ஒரு கோடியை நெருங்கியது. 2019இல் ஏறத்தாழ 2.8 கோடி கன மீட்டர். பிறகு இறங்கி இரண்டு கோடிக்குக் கீழே நிற்கிறது. 2009 வாக்கில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன.

முதுமை அடைந்த நாடு இறங்குகிறது, வளரும் நாடு ஏறுகிறது என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். தவறில்லை, ஆனால் பாதிதான். ஜப்பான் வாங்கிய மரம் வீட்டுக்குள்ளேயே தங்கியது. சீனா வாங்கியதில் கணிசமான பங்கு, வீடு எழும்பி முடிந்ததும் வெளியே போய்விட்டது. கன மீட்டர் என்ற ஒரே அளவுகோலில் நிறுத்தும்போது இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

ஜப்பானின் கதை மொட்டை மலைகளில் தொடங்குகிறது. போர்க்காலத்திலும் அதைத் தொடர்ந்த மறுகட்டுமானத்திலும் காடுகள் வெட்டித் தீர்க்கப்பட்டன. 1950களிலும் 60களிலும் அரசு முனைந்து நின்று சுகி, ஹினோகி என்ற இரு மரங்களை மலை மலையாக நட்டது. இன்று அந்த நாட்டில் சுமார் ஒரு கோடி ஹெக்டேர் நடப்பட்ட காடு இருக்கிறது. ஆனால் நட்ட கன்று தூணாக நாற்பது, ஐம்பது ஆண்டுகள் ஆகும். வீடோ உடனே வேண்டும். 1964இல் மர இறக்குமதி முழுவதுமாகத் திறந்துவிடப்பட்டது.

திறந்த நேரம் வாகாக அமைந்தது. 1962 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களைப் புரட்டிப்போட்ட ‘கொலம்பஸ் நாள்’ புயல், கணக்கில்லாத மரங்களைச் சாய்த்திருந்தது. உள்ளூர் ஆலைகளால் அவ்வளவையும் அறுத்து மாளவில்லை. கிடந்து அழுகுவதைவிட விற்பதே மேல் என்று தடிகள் பசிபிக்கைக் கடந்தன. 1950களின் நடுவில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த ஜப்பானின் மரத் தன்னிறைவு, 2002இல் 18.8 சதவீதமாகச் சுருங்கியது.

ஆரம்பத்தில் வந்தவை பெரும்பாலும் உருட்டுத் தடிகள். ஜப்பானிய ஆலைகள்தாம் அவற்றை அறுத்தன. அறுத்த மரமாகவே வாங்கும் வழக்கம் பெருகியதற்கு ஓர் ஆந்தைக்கும் பங்கு உண்டு. வாஷிங்டன், ஓரிகன் காடுகளின் பழமையான மரங்களில் கூடுகட்டும் புள்ளி ஆந்தை, 1990 ஜூனில் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் ஏறியது. கூட்டரசுக் காடுகளில் வெட்டு சரிந்தது. அதே ஆண்டு தடி ஏற்றுமதிக்கும் சட்டம் இன்னும் இறுகியது. இதற்கு முன்பே, 1985 செப்டம்பரின் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின் யென் வலுத்து, ஒரு டாலருக்கு 240 யென் என்றிருந்தது மூன்றே ஆண்டுகளில் பாதியாகியிருந்தது. வெளிநாட்டில் அறுத்து வாங்குவதே ஜப்பானுக்கு மலிவாகிவிட்டது. ஆக, 1990களில் ஜப்பானின் அறுத்த மர இறக்குமதி உயர்ந்ததை முழுக்க வீட்டுப் பெருக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது. தடி என்ற தலைப்பிலிருந்து அறுத்த மரம் என்ற தலைப்புக்கு மாறிவந்த சரக்கும் அதில் அடங்கியிருக்கிறது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோர ஆலைகள் இந்த வாடிக்கையாளருக்காகத் தங்கள் ரம்பத்தையே மாற்றி அமைத்துக்கொண்டன. ஜப்பானிய மரபு வீட்டின் தூண் 105 மில்லிமீட்டருக்கு 105 மில்லிமீட்டர் சதுரம், கொஞ்சம் பெரிய வீடென்றால் 120க்கு 120. வட அமெரிக்கத் தச்சர் எவருக்கும் இந்த அளவு தேவைப்படாது. அங்கே சுவர் என்றால் ‘டூ பை ஃபோர்’ சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி அடிப்பதுதான். அந்த முறையை ஜப்பான் 1974இல் தன் கட்டட விதிகளில் சேர்த்துக்கொண்டது. அதைப் பரப்பக் கனடிய ஆலைகளின் சங்கம் டோக்கியோவில் தொடர்ந்து வேலை செய்தது.

பரப்பிய கையோடு வழக்கும் வந்தது. ஸ்ப்ரூஸ், பைன், ஃபிர் சட்டங்களுக்கு ஜப்பான் 8 சதவீதச் சுங்கம் போட்டது. அதே அளவில், அதே வேலைக்குப் போகும் ஹெம்லாக் சட்டம் வரியில்லாமல் உள்ளே வந்தது. சுவருக்குள் போய்விட்டால் இரண்டும் ஒன்றுதானே என்று கனடா, உலக வணிக விதிகளைக் கவனித்த காட் அமைப்பில் முறையிட்டது. நாங்கள் மரத்தை இனவாரியாகப் பிரிக்கிறோம், எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துப் பிரிப்பதில்லை என்றது ஜப்பான். 1989இல் தீர்ப்பு ஜப்பானுக்குச் சாதகமானது. சட்டநுணுக்கமாகத் தோன்றும் இந்த வழக்கில் ஒரு நாட்டின் குணம் தெரிகிறது. எந்த மரம், எந்தத் தரம், எந்த அளவு என்று பார்த்துப் பார்த்து வாங்கும் சந்தை அது.

இந்த ‘டூ பை ஃபோர்’ புள்ளிவிவரக்காரர்களுக்கு ஒரு கண்ணியும் வைத்திருக்கிறது. பெயரளவில் இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குலம். இழைத்து உலர்த்தி முடித்த பின் கையில் கிடைப்பது 38 மில்லிமீட்டருக்கு 89. பெயரளவில் சொல்லும் கன அளவில் மூன்றில் இரண்டு பங்குகூட உண்மையில் இல்லை. கனடிய ஏற்றுமதியாளரின் பெயரளவு ‘போர்டு அடி’ கணக்கை அப்படியே கன மீட்டராக மாற்றி, இறக்குமதி நாட்டின் சுங்கக் கணக்கோடு ஒட்டவைத்தால் இல்லாத மரம் காகிதத்தில் முளைக்கும். நீண்ட கால ஒப்பீடுகள் பலவற்றில் இந்தப் பிசகு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

1995 ஜனவரி 17 விடியற்காலையில் கோபே நகரம் குலுங்கியது. இறந்தவர்கள் 6,434 பேர். பெரும்பாலோரைக் கொன்றது அவர்களுடைய வீடுகள்தாம். கனத்த ஓட்டுக் கூரை மேலே, ஈரத்திலும் கரையானிலும் உளுத்த தூண் கீழே, குறுக்கே தாங்கும் சுவர் போதவில்லை. டூ பை ஃபோர் வீடுகள் ஒப்பளவில் தாக்குப்பிடித்தன. அடுத்த ஆண்டு, 1996இல், புதிய வீடுகள் 16 லட்சத்தைத் தாண்டின. 1997 ஏப்ரலில் நுகர்வு வரி 3 சதவீதத்திலிருந்து 5 ஆக உயரப்போகிறது என்பதால் பலர் முந்திக்கொண்டு கட்டியதும் அதில் சேர்த்தி. மர இறக்குமதியின் உச்சம் இந்தக் காலம்தான்.

கோபேவின் நீண்ட விளைவு வேறு. 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டுத் தரச் சட்டம், கட்டிக்கொடுத்தவர் பத்தாண்டுகளுக்குக் குறைபாட்டுக்குப் பொறுப்பு என்றது. அதுவரை கனடாவின் ஹெம்லாக் தூண்கள் பச்சையாகவே வந்து இறங்கும், வீட்டில் நின்றபடியே உலரும். உலரும்போது முறுக்கிக்கொள்ளும், சுவர் விரிசல் விடும். முன்பு அதைப் பெரிதுபடுத்தியவர் குறைவு. இப்போது அது பத்தாண்டுப் பொறுப்பு. போதாததற்கு, தூணின் இணைப்புப் பொருத்துகளைத் தச்சர் உளியால் செதுக்கிய காலம் போய், கணினி ஓட்டும் ‘பிரீகட்’ ஆலைகள் செதுக்கத் தொடங்கியிருந்தன. இயந்திரத்துக்குக் கோணல் தூண் ஆகாது. அந்த இடத்தில் நுழைந்தது ஐரோப்பா. பின்லாந்தும் ஸ்வீடனும் ஆஸ்திரியாவும் சூளையில் உலர்த்திய ஸ்ப்ரூஸ் பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய தூண்களையும், ஜப்பானிலேயே ஒட்டிக்கொள்ளத் தனிப் பட்டிகளையும் அனுப்பின. மொத்த இறக்குமதி எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஆட்சிமாற்றம் கண்ணில் படாது. பசிபிக்குக்கு அப்பால் இருந்த பழைய கூட்டாளியின் இடத்தை, உலகின் மறுகோடியில் இருந்தவர்கள் சில ஆண்டுகளில் எடுத்துக்கொண்டார்கள்.

சீனாவில் எல்லாம் 1998இல் ஒன்றாகக் கூடின. அந்தக் கோடையில் யாங்சி நதி பெருகி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. மேல்நிலங்களில் காட்டை அழித்ததே காரணம் என்று அரசு முடிவுகட்டி, யாங்சியின் மேற்பகுதியிலும் மஞ்சள் நதிப் பக்கமும் இயற்கைக் காடுகளில் வெட்டைத் தடுத்தது. (2017க்குள் இந்தத் தடை நாடு முழுவதற்கும் விரிந்தது.) அதே ஆண்டுதான், வேலைபார்க்கும் நிறுவனமே வீடு ஒதுக்கித்தரும் முறை முடிவுக்கு வந்தது. இனி வீடு சொந்தக் காசில் வாங்குவது. 1999 ஜனவரியில் தடிக்கும் அறுத்த மரத்துக்கும் சுங்கவரி பூஜ்யமானது. மரம் வெட்டாதே, வீடு கட்டு, வெளியிலிருந்து வாங்கு என்று மூன்று உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுபோல்.

வாங்க வேண்டிய இடம் பக்கத்திலேயே இருந்தது. உள் மங்கோலியாவின் மான்ஜௌலி, ஹெய்லோங்ஜியாங்கின் சூய்ஃபென்ஹ இரண்டும் ரஷ்ய எல்லை நகரங்கள். ரஷ்யத் தண்டவாளத்தின் அகலம் 1,520 மில்லிமீட்டர், சீனாவினது 1,435. ஆகவே சைபீரியத் தடிகளை எல்லையில் இறக்கி ஏற்றியே ஆக வேண்டும். எப்படியும் இறக்குகிறோமே, இங்கேயே அறுத்துவிடலாமே என்று ஆலைகள் வரிசையாக முளைத்தன. சீனா தன் காட்டைக் காத்தது, சைபீரியா அந்தக் காவலுக்கு விலை கொடுத்தது என்று சூழலியலாளர்கள் குற்றம்சாட்டினார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ரஷ்யாவுக்கும் பொறுக்கவில்லை. தடியாகக் கொடுத்து, அறுக்கும் லாபத்தைப் பக்கத்து நாட்டுக்கு விடுவானேன்? 2007 ஜூலையில் தடி ஏற்றுமதி வரியை 20 சதவீதமாக்கியது, 2008 ஏப்ரலில் 25. அடுத்து 80 என்று மிரட்டியது, ஆனால் செய்யவில்லை. மிரட்டலே போதுமானதாக இருந்தது. ஆலைகள் எல்லையைத் தாண்டி ரஷ்யப் பக்கம் நகர்ந்தன, சீனர்களின் முதலீட்டிலேயே பல. 2009க்குப் பின் சீனாவின் அறுத்த மர இறக்குமதி செங்குத்தாக ஏறியதற்கு இது ஒரு பெரிய காரணம். வாஷிங்டன் ஆந்தை ஜப்பானின் கணக்குக்குச் செய்ததை மாஸ்கோவின் வரி சீனாவின் கணக்குக்குச் செய்தது. இருபது ஆண்டு இடைவெளியில் நடந்தது ஒன்றேதான்.

இன்னொரு காரணம் அமெரிக்கா. 2005இல் அங்கே 20 லட்சத்துக்கு மேல் வீடுகள் தொடங்கின. 2009இல் வெறும் 5.54 லட்சம். தன் சரக்கின் பெரும்பகுதியை அங்கேயே விற்றுவந்த பிரிட்டிஷ் கொலம்பியா திகைத்து நின்றது. ஒரு பக்கம் வண்டு கொன்ற மரம், கெடுவதற்குள் வெட்டியாக வேண்டும். மறுபக்கம் வாங்க ஆளில்லை. சரியாக அந்த நேரத்தில், 2008 நவம்பரில், சீனா 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. நகரம் நகரமாகக் கிரேன்கள் எழுந்தன. 2011இல் அந்த மாகாணம் சீனாவுக்கு விற்ற மென்மரத்தின் மதிப்பு 100 கோடி கனடிய டாலரைத் தாண்டியது.

அந்த மரம் என்ன ஆனது என்று பார்க்க, முப்பது மாடிக் குடியிருப்பு ஒன்று எழும்பும் இடத்துக்குப் போக வேண்டும். சுவரும் தூணும் தளமும் கான்கிரீட். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்க ஒட்டுப்பலகை, ஒட்டுப்பலகைக்கு முதுகில் கொடுக்க வரிசை வரிசையாக மென்மரச் சட்டம். நம் ஊரில் சென்ட்ரிங் என்று சொல்லும் அதே வேலை. இறுகியதும் ஆணியைப் பிடுங்கி, அடுத்த மாடிக்கு ஏற்றுகிறார்கள். சில தடவை புழங்கியதும் முனை பிளந்து, சிமெண்ட் பால் படிந்து வெள்ளையாகி, அறுத்துக் குட்டையாகி, கடைசியில் குவியலில் போய் விழுகிறது. இதற்கு நீலக்கறை இருந்தால் என்ன, முடிச்சு இருந்தால் என்ன? விலைதான் கேள்வி. மீதிச் சட்டங்கள் பேலட்டுகளாகவும் பெட்டிகளாகவும் மலிவான மரச்சாமான்களின் உள்சட்டமாகவும் போயின.

ஜப்பானில் பலித்தது இங்கும் பலிக்கும் என்று கனடியர்கள் நம்பினார்கள். ஷாங்காயில் மாதிரி வீடுகள் கட்டினார்கள். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்துக்குப் பின் அங்கே மரச்சட்டகத்தில் பள்ளி எழுப்பிக் கொடுத்தார்கள். எல்லாரும் பாராட்டினார்கள், கான்கிரீட்டிலேயே தொடர்ந்து கட்டினார்கள். ஜப்பானில் தனி வீடுகளில் பத்தில் ஒன்பது இன்றும் மரச்சட்டகம். அங்கே நிலம் சின்னதானாலும் தனித்தனி. சீன நகரத்தில் நிலம் உள்ளாட்சிக்கு வருமானம், கட்டுபவர் அதன்மேல் எத்தனை மாடி ஏறுமோ அத்தனை ஏற்றுவார். எவ்வளவு நல்ல மாதிரி வீடும் இந்தக் கணக்கை மாற்றாது.

இறக்கத்தின் வடிவமும் இதனால்தான் வேறுபடுகிறது. ஜப்பானில் சரிவு மக்கள்தொகையோடு கைகோத்து மெல்ல நடந்தது. 1990இல் 17 லட்சமாக இருந்த புதிய வீடுகள் 2009இல் 8 லட்சத்துக்குக் கீழே வந்தன, 2024இல் 7.92 லட்சம். சீனாவில் ஒரே மூச்சில் விழுந்தது. 2020இல் கட்டுமான நிறுவனங்களின் கடனுக்கு அரசு வரம்பு கட்டியது, 2021 டிசம்பரில் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமான நிறுவனம் கடனைத் திருப்பத் தவறியது. 2019இல் 227 கோடி சதுர மீட்டராக இருந்த புதிய கட்டுமானத் தொடக்கம் 2023இல் 95 கோடியாகியது. சென்ட்ரிங் மரத்தின் தேவை கட்டடத்தின் தொடக்கத்தோடு ஒட்டியது என்பதால் அடி முதலில் அதன்மேல்தான் விழுந்தது. அலுமினிய சென்ட்ரிங்கும் வேறு பரவிவிட்டது. இருந்தும் அறுத்த மர இறக்குமதி கட்டுமானத்தின் அளவுக்குப் படுக்கவில்லை. காரணம் ரஷ்யா. 2022 ஜனவரியில் மென்மரத் தடி ஏற்றுமதியை ரஷ்யா நிறுத்தியது. உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பா ரஷ்ய மரத்துக்குக் கதவடைத்தது. போக்கிடம் இல்லாத சைபீரியச் சட்டம் கிடைத்த விலைக்குச் சீனாவுக்குள் வந்தது. நியூசிலாந்திலிருந்து தடியாக வந்து சீனத் துறைமுகங்களை ஒட்டி அறுபடும் ரேடியேட்டா பைனையும் சேர்த்துக்கொள்ளாவிட்டால் இந்தப் படம் முழுமையாகாது. 2021இல் சீனா இறக்கிய மென்மரத் தடிகள் மட்டும் சுமார் 5 கோடி கன மீட்டர்.

ஜப்பான் அதே போரில் வேறு மாதிரி நடந்துகொண்டது. 2022 ஏப்ரலில் ரஷ்யத் தடி, மரச்சில்லு, மென்தகடு மூன்றையும் தடைசெய்தது. அறுத்த மரத்தை மட்டும் பட்டியலில் சேர்க்கவில்லை. கூரையின் கைமரங்களுக்கு ரஷ்யச் செம்பைன்தான் வாகு என்று ஜப்பானியத் தச்சர்கள் பழகியிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரு பாடம் படித்திருந்தார்கள்: 2021 மே மாதம் சிகாகோ சந்தையில் ஆயிரம் போர்டு அடி மரம் 1,600 டாலரைத் தாண்டியபோது, கப்பல்கள் அமெரிக்காவை நோக்கித் திரும்பின. டோக்கியோவில் ஒப்பந்தம் போட்ட வீடுகள் தூண் இல்லாமல் காத்திருந்தன.

அந்த நெருக்கடி மலைமேல் இருந்த சுகியை நினைவூட்டியது. 1950களில் நட்டவை இப்போது வெட்டும் பருவத்தைத் தாண்டி நிற்கின்றன. போதாக்குறைக்கு, வசந்தத்தில் அவை உதிர்க்கும் மகரந்தம் மக்களில் பத்தில் நான்கு பேரைத் தும்ம வைக்கிறது. சுகித் தோப்புகளைப் பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கு குறைப்பதென்று 2023இல் அரசு அறிவித்தது. ஒட்டுப்பலகையிலும் ஒட்டுத் தூணிலும் சுகி இடம்பிடித்துவருகிறது. 2019இல் திறந்த டோக்கியோ தேசிய விளையாட்டரங்கின் இறவாரங்களுக்கு 47 மாகாணங்களிலிருந்தும் மரம் வந்தது. 2020இல் தன்னிறைவு 41.8 சதவீதத்தைத் தொட்டது. இதில் எரிபொருளாகப் போகும் மரமும் அடக்கம் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெட்டியது எல்லாம் வீட்டுக்குப் போகவில்லை. கியூஷூ தீவின் தென்கோடியில் உள்ள ஷிபுஷி, ஜப்பானில் தடி ஏற்றுமதியில் முதலிடம் வகிக்கும் துறைமுகம். வளைந்தது, கோணியது என்று உள்ளூர் ஆலைகள் கழித்த சுகித் தடிகள் அங்கிருந்து பெரும்பாலும் சீனாவுக்குப் போகின்றன. பெட்டிகளாகவும் சென்ட்ரிங் சட்டங்களாகவும் மாறுகின்றன. ஒரு பகுதி வேலிப் பலகையாக அறுபட்டு அமெரிக்கா வரை போய்ச் சேருகிறது. நல்லதைத் தனக்கு வைத்து மட்டத்தைச் சீனாவுக்குத் தள்ளும் வேலையை, கனடிய ஆலைகள் செய்துவந்ததைப் போலவே, இப்போது ஜப்பானும் செய்கிறது.

கனடியர்களுக்கு அந்த வசதி இப்போது இல்லை. வண்டு கொன்ற மரம் தீர்ந்துவிட்டது, வெட்டும் அளவு சுருங்கி ஆலைகள் மூடப்படுகின்றன. 2025இல் அமெரிக்கா பெரும்பாலான கனடிய மென்மரத்தின்மேல் போட்ட வரிகள் மொத்தமாக 45 சதவீதத்தை எட்டின. அரசியல்வாதிகள் மறுபடியும் ஆசியாவைப் பற்றிப் பேசுகிறார்கள். சீனாவில் ரஷ்ய விலைக்குக் கீழே அவர்களால் போக முடியாது. ஜப்பானில் ஜே கிரேடுக்கு இன்னும் விலை உண்டு, ஆனால் அதை வாங்க ஆண்டுக்கு எட்டு லட்சம் வீடுகூட இல்லை.